ரூட் ரிவர் பாதையில் இரண்டு நாள்: 'சமதளம்' என்பதை எவ்வளவு நம்பலாம்?

முதலில் கேள்வி என்ன என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் தன் மனைவியோடு அங்குள்ள லேன்ஸ்பரோ என்ற சிற்றூர்ப் பக்கம் போகப் போகிறார். பழைய ரயில் பாதையில் தார் போட்டு ஆக்கிய ரூட் ரிவர் சைக்கிள் பாதையில் இரண்டு நாள் சுற்ற ஆசை. இருவருக்கும் ஐம்பது வயதை ஒட்டி. சைக்கிளைத் தொட்டுப் பல வருடம் ஆகிறது. "முழுக்கச் சமதளம், யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்கிறார்களே, நம்பலாமா? வழியில் வரும் ஊர்கள் ரொம்பச் சின்னதாமே, சாப்பாடு, தண்ணீர் கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார். பார்க்க இரண்டு கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: நடுவழியில் மூச்சு வாங்கிக்கொண்டு, பசியோடு, போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் நிற்போமா?

நிற்க மாட்டீர்கள். ஆனால் 'சமதளம்' என்ற சொல்லை அப்படியே நம்பினால் கொஞ்சம் ஏமாறுவீர்கள். நான் ரயில் பாதை வடிவமைப்பில் வேலை பார்த்தவன். ஏற்ற இறக்கம், வளைவு, வடிகால் இவற்றைக் கணக்குப் போடுவதே பல வருடம் என் பிழைப்பு. லீவு கிடைத்தால் இப்படிப்பட்ட பாதைகளில் சைக்கிளில் சுற்றுவது பழக்கம். அதனால் இது ரயில்காரன் பதிலாகத்தான் இருக்கும். தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனாலும் ரயில் போட்ட கணக்கு அந்த மண்ணிலேயே தங்கிவிடுகிறது. எங்கே மூச்சு வாங்கும், எத்தனை மைலுக்கு ஒரு ஊர் வரும், கடைத்தெரு எந்தப் பக்கம் இருக்கும் என்பதில் பெரும்பகுதியை அதை வைத்தே சொல்லிவிடலாம். இன்றைக்கு அந்த ஊரில் எந்தக் கடை திறந்திருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லாது.

ஏற்றத்திலிருந்து ஆரம்பிக்கலாம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் ஒரே இன்ஜின் அத்தனை பெட்டிகளை இழுக்கிறது. அதே காரணத்தால் ஏற்றம் என்றால் ரயிலுக்கு ஆகாது, சக்கரம் வழுக்கும். எனவே அந்தக் காலத்துப் பொறியாளர்கள் 100 அடிக்கு ஒரு அடி ஏறினாலே யோசித்தார்கள். இரண்டு அடி என்றால் வேறு வழியே இல்லாத இடம் என்று அர்த்தம். குன்று வந்தால் வெட்டினார்கள், பள்ளம் வந்தால் அந்த மண்ணையே கொட்டிக் கரை எழுப்பினார்கள். சாதாரண மலைச்சாலை 100 அடிக்கு ஆறு, ஏழு அடி ஏறுவதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ரயில் போன தடத்திலேயே போகும் வரை இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்காது. இது உறுதி.

ஆனால் லேசான ஏற்றமும் ஏற்றம்தான். அது மைல் கணக்கில் விடாமல் நீளும். ரூட் ரிவர் பாதை மேற்கே ஃபவுன்டன் ஊரில் மேட்டு நிலத்தில் தொடங்கி, ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி, கிழக்கே ஹூஸ்டனில் முடிகிறது. மொத்தம் 42 மைல். அதில் ஃபவுன்டனிலிருந்து லேன்ஸ்பரோ வரை சுமார் 11 மைலில் 400 அடிக்கு மேல் இறக்கம். அப்புறம் ஹூஸ்டன் வரை 30 மைலுக்கு அந்த உயரத்தில் பாதிகூட இறங்காது. ஆக லேன்ஸ்பரோவுக்குக் கிழக்கே 'சமதளம்' என்பது கிட்டத்தட்ட உண்மை. மேற்கே ஃபவுன்டன் நோக்கிப் போனால் உண்மை இல்லை. கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் இதில் வேடிக்கை. இரண்டு பக்கமும் மரம், முன்னால் நேர்கோடாகத் தார். ஏறுகிறோம் என்று காட்ட எதுவுமே இருக்காது. டயரில் காற்று இறங்கிவிட்டதோ, பிரேக் உரசுகிறதோ என்று இறங்கிச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்ப்பவர்களை அந்தப் பக்கம் அடிக்கடி காணலாம். சைக்கிளில் ஒரு கோளாறும் இருக்காது. கியரை இரண்டு படி குறைத்துக்கொண்டு, நேரத்தை மறந்துவிட்டு மிதிப்பதுதான் வழி.

சமதளத்துக்கு இன்னொரு குணமும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. மேடு பள்ளமான சாலையில் இறக்கம் வரும்போது மிதிப்பதை நிறுத்துகிறோம், எழுந்து நிற்கிறோம், உடம்பு தானாக இடம் மாறிக்கொள்கிறது. ரயில் பாதையில் அந்த ஓய்வு கிடையாது. ஒரே மாதிரி உட்கார்ந்து, ஒரே மாதிரி மிதித்துக்கொண்டே இருப்போம். புதியவர்களுக்குக் கால் வலிப்பதற்கு முன்னால் உட்காரும் இடம் வலிக்கும், உள்ளங்கை மரத்துப்போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று பத்து மிதி மிதியுங்கள். கைப்பிடியில் கையை மாற்றி மாற்றி வையுங்கள். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டையில் கொஞ்சம் செலவு செய்வது வீண் இல்லை (அதற்குள் உள்ளாடை போடக் கூடாது, தையல்தான் உரசிப் புண்ணாக்கும்). சைக்கிளை வாடகைக்கு எடுத்தால் சீட்டின் உயரத்தைக் கடைக்காரரிடம் சொல்லிச் சரிசெய்யாமல் கிளம்பாதீர்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். முழங்கால் பற்றி நான் சொல்வது அனுபவம் மட்டுமே, மருத்துவம் இல்லை. ஏற்கெனவே மூட்டு வலி இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

சரி, ஊர்களுக்கு வருவோம். அமெரிக்காவின் நடுப்பகுதியில் ரயில் பாதையோரச் சிற்றூர்கள் தானாக முளைத்தவை அல்ல. பல ஊர்களை ரயில் வந்த பிறகு, ரயிலை நம்பியே மனை பிரித்தார்கள். நீராவி இன்ஜினுக்கு அடிக்கடி தண்ணீர் வேண்டும். விவசாயி குதிரை வண்டியில் தானியம் கொண்டுவந்து இறக்கிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து ஆறிலிருந்து பத்து மைலுக்கு ஒரு ஊர் என்று ஆக்கிவிட்டன. உங்களுக்கு இது வரப்பிரசாதம். பழக்கமில்லாதவர் நிதானமாக ஓட்டினால் மணிக்கு எட்டு மைல் போவார். ஆக ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஊர். லேன்ஸ்பரோவிலிருந்து வேலன் ஐந்து மைலுக்குள். வேலனிலிருந்து பீட்டர்சன் சுமார் ஒன்பது மைல். பீட்டர்சனிலிருந்து ரஷ்ஃபோர்டு மறுபடியும் ஐந்து மைலுக்குள். ரஷ்ஃபோர்டிலிருந்து ஹூஸ்டன் மட்டும்தான் நீளம், 12 மைலுக்குக் கொஞ்சம் கூடுதல். அந்தத் துண்டுக்குக் கிளம்பும்போது மட்டும் இரண்டு பாட்டில் தண்ணீரும் நிரம்பியிருக்கட்டும்.

ஊருக்குள் நுழைந்ததும் பாதையிலேயே நின்று 'இவ்வளவுதானா' என்று திரும்பிவிடாதீர்கள். பலர் செய்வது அதுதான். தண்டவாளத்தை ஒட்டி இருந்தவை தானியக் கிடங்கு, மரக்கடை, கால்நடைத் தொழுவம். ஊரின் முதுகைத்தான் ரயில் பார்த்தது. ஸ்டேஷன் இருந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் கட்டடம் இன்னும் இருக்கும், இல்லாவிட்டால் கார் நிறுத்துமிடமும் கழிப்பறையும் அங்கே இருக்கும். அங்கிருந்து பாதைக்குக் குறுக்கே போகும் தெருதான் பெரும்பாலும் கடைத்தெரு. தபால் நிலையம், பாங்கு, ஹார்டுவேர் கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் அந்த ஓரிரண்டு தெருவுக்குள் அடங்கிவிடும். லேன்ஸ்பரோ மாதிரி ஒரு பக்கம் ஆறும் மறு பக்கம் பாறைச் சரிவும் நெருக்கும் இடத்தில் இந்த வரைபடம் கொஞ்சம் வளையும், ஆனாலும் பாதையை விட்டு இறங்கி இரண்டு நிமிடத்தில் கடைத்தெருவில் இருப்பீர்கள். செங்கல் கட்டடங்களின் நெற்றியை அண்ணாந்து பாருங்கள். கட்டிய ஆண்டைப் பொறித்திருப்பார்கள். நாலு கட்டடத்தைப் பார்த்தாலே ஊரில் காசு புரண்ட காலம் எது, அது எப்போது நின்றது என்று தெரிந்துவிடும்.

வேலனைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நூறு பேர்கூட இல்லாத ஊர். வருடத்துக்கு ஒருமுறை, மே மாதத்தில் அங்கே நகராத ஊர்வலம் ஒன்று நடக்கும். தெரு அவ்வளவு சின்னது. ஊர்வலம் கிளம்பினால் அந்த நிமிடமே முடிந்துவிடும். அதனால் அலங்கார வண்டிகளும் வாத்தியக்காரர்களும் இருந்த இடத்திலேயே நிற்பார்கள், பார்க்க வந்தவர்கள் அவர்களைச் சுற்றி நடப்பார்கள். உங்கள் தேதி அதோடு பொருந்தினால் விடாதீர்கள். பொருந்தவில்லை என்றாலும் வேலனில் நின்று ஒரு துண்டு 'பை' (pie, மாவு ஓட்டுக்குள் பழம் வைத்துச் சுட்ட பண்டம்) சாப்பிடுவது இந்தப் பாதையில் போகிறவர்களின் வழக்கம். நீங்கள் சுத்த சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை: அந்த மாவு ஓட்டில் சில இடங்களில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் என் பதில் இனிமேல் உறுதியானது அல்ல. இந்த ஊர்க் கடைகள் வார இறுதியையும் கோடைக்காலத்தையும் நம்பி நடப்பவை. திங்கள், செவ்வாயில் கதவு மூடியிருக்கலாம். மதியம் இரண்டு மணிக்கே அடுப்பை அணைத்திருக்கலாம். போன வருடம் இருந்த கடை இந்த வருடம் இல்லாமலும் போகலாம். இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்பாமல் முந்தின நாள் போன் செய்து கேளுங்கள். அப்படியும் ஒரு வேளைக்கான சாப்பாடு பையில் இருக்கட்டும். லேன்ஸ்பரோவில் மட்டும் இந்தக் கவலை குறைவு. ஆயிரம் பேருக்கும் குறைவான ஊர்தான் என்றாலும் சைக்கிள்காரர்களை வைத்தே பிழைக்கிறது. தங்கும் வீடுகள், சைக்கிள் வாடகைக் கடைகள், ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டுபோய் விடும் வண்டிகள் எல்லாம் அங்கே உண்டு. வார இறுதி என்றால் அறை கிடைப்பதுதான் கஷ்டம், சீக்கிரம் பதிவு செய்யுங்கள்.

அதனால் என் யோசனை: ஒவ்வொரு ஊராக மூட்டையோடு நகர்வதை விட லேன்ஸ்பரோவிலேயே இரண்டு இரவும் தங்குங்கள். முதல் நாள் கிழக்கே பீட்டர்சன் வரை போய்த் திரும்பினால் 27 மைல் சொச்சம். அது அதிகம் என்று தோன்றினால் வேலனைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்த் திரும்புங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. இரண்டாம் நாள் மேற்கே ஃபவுன்டன். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் ஏற்றத்தை முடித்துவிட்டால் திரும்பும்போது 11 மைலும் உங்களுக்கு இனாம். ஃபவுன்டனில் பெரிய கடைத்தெரு எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் ஊரைச் சுற்றியுள்ள வயல்களைக் கவனியுங்கள்: நடுவே திடீரென்று ஒரு வட்டப் பள்ளம், அதில் மட்டும் மரக்கூட்டம் இருக்கும். அடியில் சுண்ணாம்புக் கல் கரைந்து நிலம் உள்வாங்கிய குழிகள் அவை. உழ முடியாது என்பதால் மரம் வளர விட்டுவிட்டார்கள்.

இருவரில் ஒருவருக்கு ஏற்றம் பயமாக இருந்தால் மின்சார சைக்கிளை வாடகைக்கு எடுக்கலாம். ஒருவர் சாதா, ஒருவர் மின்சாரம் என்றால் வேகம் ஒத்துப்போகிறதா என்று ஊருக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிடுங்கள். தம்பதிகளுக்குள் சண்டை வருவது பெரும்பாலும் அங்கேதான்.

ஏற்றத்தை விட எதிர்காற்று மோசம் என்பது என் கருத்து. ஏற்றம் எங்கே முடியும் என்று தெரியும், காற்று எப்போது நிற்கும் என்று தெரியாது. மேற்கு, தென்மேற்கிலிருந்து காற்று வீசும் நாளில்தான் கவனம் வேண்டும். அன்றைக்கு நான் சொன்ன முதல் நாள் திட்டத்தில் போகும்போது முதுகில் காற்று, திரும்பும்போது முகத்தில் காற்று என்று ஆகிவிடும். போகும்போது 'அடடா, எவ்வளவு சுலபம்' என்று ரஷ்ஃபோர்டு வரை போய்விட்டுத் திரும்பி வரும்போது நொந்துபோவார்கள். காலையில் வானிலை பாருங்கள். மேற்குக் காற்று பலமாக இருந்தால் இரண்டு நாளையும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், அன்றைக்கு ஃபவுன்டன் போய் முதுகுக் காற்றோடு இறங்கி வரலாம்.

'யாரும் ஓட்டலாம்' என்று சொல்பவர்கள் விட்டுவிடும் இடங்கள் சில உண்டு. பண்ணைச் சாலைகள் பாதையைக் குறுக்கே வெட்டும் இடங்களில், கார் நுழையாமல் இருக்க நடுவில் ஒரு கம்பம் நட்டிருப்பது உண்டு. முன்னால் போகிறவர் பார்த்து விலகிவிடுவார். அவர் முதுகையே பார்த்துக்கொண்டு ஒட்டி வருபவர்தான் மோதுவார். குறுக்குச் சாலை தெரிந்ததும் இடைவெளி விட்டு, கம்பம் என்று குரல் கொடுங்கள். டிராக்டர்கள் அங்கே சரளைக் கல்லை இழுத்துப் போட்டிருக்கும், வளைத்துத் திருப்பாதீர்கள். 'ஸ்டாப்' பலகை பெரும்பாலும் உங்களைப் பார்த்துத்தான் இருக்கும், வண்டிக்காரரை அல்ல.

ரயில் ஆற்றை விட்டு விலகாமல் போனதால் இந்தப் பாதையில் பாலங்கள் ஏராளம். அடித்தளம் ரயில் எடையைத் தாங்கியது, உங்களுக்கு ஆடாது. மேலே போட்டிருக்கும் மரப்பலகைதான் விஷயம். காலைப் பனியிலோ மழைக்குப் பின்னோ அது சோப்பு போட்ட மாதிரி வழுக்கும். பாலத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, மேலே ஏறியதும் பிரேக்கையும் கைப்பிடியையும் தொந்தரவு செய்யாமல் நேராகக் கடந்துவிடுங்கள். தார்ப் பரப்பும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. குளிரில் தார் சுருங்கிக் குறுக்காக வெடிக்கும்; வெடிப்பில் இறங்கிய தண்ணீர் உறைந்து விளிம்பைத் தூக்கும். அதனால் தடக், தடக் என்று சீரான இடைவெளியில் அதிரும் துண்டுகள் வரும். பழைய ரயில் ஜல்லி நடுவில் கெட்டியாக இருப்பதால் நடுப்பகுதி நன்றாக இருக்கும், ஓரம்தான் முதலில் உடையும். எதிரே ஆள் இல்லாதபோது ஓரத்தை விட்டுச் சற்று உள்ளே ஓட்டுங்கள்.

ஓரத்தில் இறங்கும்போது செடிகளைக் கவனியுங்கள். ஜூன், ஜூலையில் குடை விரித்த மாதிரி மஞ்சள் பூவோடு இடுப்புயரத்துக்கு நிற்பது காட்டுப் பார்ஸ்னிப். அதன் பால் தோலில் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால் தீக்காயம் மாதிரி கொப்புளம் போடும். புல்லில் உட்கார்ந்தால் உண்ணி ஏறும். சாயங்காலம் முழங்கால் பின்புறம், காதுக்குப் பின்னால் பார்த்துக்கொள்ளுங்கள், உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் அந்தப் பகுதியில் உண்டு. அங்குள்ள பாறைச் சரிவுகளில் கிலுகிலுப்பைப் பாம்பும் (ராட்டில்ஸ்னேக், விஷமுள்ளது) இருக்கிறது. எப்போதாவது வெதுவெதுப்புக்காகத் தாரில் படுத்திருக்கும். நின்று, தூர விலகி, அது போகும் வரை காத்திருந்தால் போதும்.

கிளம்பும் முன் மாநில இயற்கை வளத் துறையின் தளத்தில் பாதை மூடல் அறிவிப்பைக் கட்டாயம் பாருங்கள். ஆற்றோரம் ரயில் போட்டவர்கள் சுலபமான சரிவைப் பெற்றார்கள், கூடவே வெள்ளத்தையும். 2007 ஆகஸ்டில் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஹோக்காவில் 24 மணி நேரத்தில் 15.1 அங்குலம் மழை கொட்டியது. மினசோட்டாவில் அதுவரை பதிவானவற்றில் அதுதான் அதிகம். ரஷ்ஃபோர்டு ஊருக்குள் வெள்ளம் புகுந்தது. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், பெருமழைக்குப் பிறகு கரை அரித்து ஒரு துண்டு மூடிக் கிடப்பது புதிது அல்ல.

கட்டணம் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மினசோட்டா மாநிலப் பாதைகளில் சைக்கிளுக்குப் பாஸ் தேவையில்லை. பக்கத்து விஸ்கான்சினில் பல மாநிலப் பாதைகளுக்கு, 16 வயதும் அதற்கு மேலும் என்றால் பாஸ் வாங்க வேண்டும். இந்தப் பயணம் பிடித்துப்போய் அடுத்து அங்கே எல்ராய் - ஸ்பார்ட்டா பாதைக்குப் போனால் நினைவிருக்கட்டும். 1967-இல் திறந்தது, ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கும் வேலைக்கே முன்னோடி. 32 மைலில் மூன்று சுரங்கம், ஒன்று முக்கால் மைல் நீளம், உள்ளே டார்ச் இல்லாமல் கை தெரியாது. ஆனால் அது தார் இல்லை, பொடித்த சுண்ணாம்புக் கல். மழை பெய்தால் சக்கரம் கனக்கும்.

இதே ரூட் ரிவர் பாதையிலிருந்து பிரஸ்டன் வழியாக ஹார்மனிக்கு ஒரு கிளை பிரிகிறது, 18 மைல். ஆமிஷ் மக்கள் (கார் இல்லாமல் பழைய முறையில் வாழும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) குதிரை வண்டியில் போவதைப் பார்க்கலாம் என்று யாராவது உங்களை அந்தப் பக்கம் அனுப்பப் பார்ப்பார்கள். மக்களைப் பார்க்கலாம் என்பது உண்மை. ஆனால் அந்தக் கிளையின் தெற்குப் பகுதி பள்ளத்தாக்கை விட்டு மேட்டுக்கு ஏறுகிறது, அங்கே ரயில்காரர் கணக்கு செல்லாது. ஏற்றம் நிஜமான ஏற்றம். பிரஸ்டன் வரை சைக்கிளில் போங்கள். ஹார்மனிக்கு மூன்றாம் நாள் காரில் போய்க்கொள்ளலாம்.